நாம் பலராய் இருக்கும் இடத்தில்



கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறீர்கள். நகருக்கு வெளியே புதிதாக ஒரு மனைப்பிரிவு போடப்பட்டிருக்கிறது. அதன் நோட்டீஸில் ‘கிறிஸ்தவர்களுக்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நடுவே ஆலயத்திற்கென்று இடம், சுற்றிலும் மனைகள், தெருக்களுக்கு அப்போஸ்தலர்களின் பெயர்கள். “ஐயா, வாங்கலாமா?” என்று கேட்கிறீர்கள்.

அங்கீகாரம் உண்டா, வில்லங்கம் உண்டா என்பதைப் பத்திர எழுத்தரிடமும் வழக்கறிஞரிடமும் விசாரியுங்கள். அது எனக்குத் தெரிந்த துறையன்று. நீங்கள் என்னிடம் கேட்பது அதுவல்ல என்பதையும் அறிவேன். எல்லா வீட்டிலும் ஒரே விசுவாசம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஞாயிறு பள்ளி, விடிந்தால் ஒரே ஆலயமணி. இப்படிப்பட்ட ஓர் ஊரில் குடியிருப்பது தேவனுக்கு உகந்த வாழ்வுதானே என்பதே உங்கள் கேள்வி.

இந்த ஆசையை நான் ஏளனம் செய்யமாட்டேன். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில், பெயரைச் சொன்ன மாத்திரத்தில், ‘இப்போதுதான் வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். திருவிழா வரி கொடுக்காததற்காக ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நின்றவர்களும் இருக்கிறார்கள். சிலராய் வாழ்கிறவர்களுக்குத் தங்களுக்கென்று ஓர் ஊர் வேண்டும் என்று தோன்றுவது பாவமன்று.

அந்த ஆசை நிறைவேறிய ஊர்களும் நம் தமிழ்நாட்டில் உண்டு. ஆகவே கற்பனையாகப் பேசாமல், அவற்றின் வரலாற்றிலிருந்தே இதை ஆராய்வோம்.

1799ஆம் ஆண்டில் சாத்தான்குளத்திற்கு அருகே ஒரு நிலம் வாங்கப்பட்டது. அதை வாங்குவதில் முன்னின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார். புதிதாய் விசுவாசத்திற்கு வந்தவர்கள் தங்கள் சொந்த ஊர்களில் அடிக்கப்பட்டார்கள், ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன, குடியிருந்த குடிசையிலிருந்தே துரத்தப்பட்டார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்கள் தலைசாய்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்றே எழுந்த முதல் ஊர் ஆதலால் அதற்கு முதலூர் என்றே பெயர் அமைந்தது. (இன்று அப்பெயரைக் கேட்டால் பலருக்கு மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வருகிறது. அதிலும் தவறில்லை, அல்வாவும் அவ்வூரின் கொடைதான்.) தாவீது சுந்தரானந்தம் சில ஆண்டுகளில் மரித்தார். அவர் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்பது இன்றளவும் அந்தத் திருச்சபையில் சொல்லப்பட்டு வரும் செய்தி.

முதலூரைத் தொடர்ந்து பல ஊர்கள் எழுந்தன. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர், பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவர் அனுப்பிய காணிக்கையைக் கொண்டு 1827இல் டோனாவூரை உண்டாக்கினார். 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பையே அவர் நிறுவினார். உபத்திரவப்பட்ட விசுவாசிகளுக்காக நிலமும் மனையும் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. நாசரேத், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், பிரகாசபுரம் என்று அந்தச் செம்மண் தேரியெங்கும் வேதத்தின் வாசனை வீசும் ஊர்ப்பெயர்கள் வந்தன. இடையன்குடிக்கு 1841இல் வந்த கால்டுவெல் ஐயர் தெருக்களைத் திட்டமிட்டு, மரங்களை நட்டு ஊரைச் சமைத்தார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். உலையில் அரிசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்து, அதைச் சபைக்குக் கொண்டு வந்த தாய்மார்களின் கைப்பிடி அரிசியால் உபதேசியார்கள் பிழைத்தார்கள், ஆலயங்கள் எழுந்தன. பண்டிகை நாளில் ஊரே ஒரே பந்தியில் அமர்ந்து அசனம் உண்டது. நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றில் இதற்கு இணையான காட்சிகள் அதிகம் இல்லை.

ஏறக்குறைய இதே காலத்தில் உலகத்தின் மறுகோடியில் இதே போன்ற ஒரு கதை நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1830இல் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய மார்மன் சபையைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். மார்மன் என்று அழைக்கப்படுவதை இப்போது அவர்கள் விரும்புவதில்லை. உங்களுக்குப் புரியும்படி பழைய பெயரையே இங்கே பயன்படுத்துகிறேன். பரிசுத்த வேதாகமத்தோடு வேறொரு நூலையும் வேதமாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள். தேவனைப் பற்றிய அவர்களுடைய போதனையும் நம்முடையதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை ஆராய இது இடமன்று. ஒரே விசுவாசத்தார் ஓர் இடத்தில் பெரும்பான்மையாய் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை அறிய, அவர்கள் குடியேறிய யூட்டா மாநிலத்தைவிட நல்ல பாடம் வேறில்லை; அதற்காகவே அங்கே உங்களை அழைத்துச் செல்கிறேன்.

அவர்களும் துரத்தப்பட்டவர்களே. 1838இல் மிசௌரி மாநில ஆளுநர், மார்மன்களைப் பகைவராய் எண்ணி அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்து மூலமாக ஆணையிட்டார். அந்த ஆணை 1976ஆம் ஆண்டில்தான் முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. 1844இல் ஜோசப் ஸ்மித் சிறைக்குள் வைத்தே ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். மீந்தவர்கள் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மாட்டு வண்டிகளில் மேற்கே நடந்தார்கள். வழியில் புதைத்த பிள்ளைகளின் கல்லறைகளை மறுபடி பார்க்க முடியாதென்று அறிந்தே நடந்தார்கள். 1847 ஜூலை 24 அன்று உப்பு ஏரிக்கரைப் பள்ளத்தாக்கை அவர்களின் தலைவர் வந்தடைந்த நாள், இன்றும் அந்த மாநிலத்தில் அரசு விடுமுறை நாள்.

அவர்களும் வேதத்திலிருந்தே பெயர்களை எடுத்தார்கள். அங்கே மோவாப் உண்டு, எப்பிராயீம் உண்டு. நன்னீர் ஏரி ஒன்றிலிருந்து புறப்பட்டு உப்பு ஏரியில் விழும் ஆற்றுக்கு யோர்தான் என்றே பெயரிட்டார்கள். வாங்கிக்கொள்ளும் உப்பு ஏரியிலிருந்து ஒரு வாய்க்காலும் வெளியே போவதில்லை. அதில் மீனும் பிழைப்பதில்லை. பிரசங்கிகளாகிய நாங்கள் இப்படி ஓர் உவமை கிடைத்தால் எளிதில் விடமாட்டோம். நீங்கள் அதை ஏற்கெனவே பல பிரசங்கங்களில் கேட்டுவிட்டபடியால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஊர்களின் சமூக வாழ்வைச் சற்று நிதானமாய்க் கவனியுங்கள். ஊர் முழுவதும் வரைபடத்தில் கோடு போட்டாற்போலச் சிறு சிறு சபைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் எந்தத் தெருவில் வாழ்கிறீர்களோ அந்தத் தெருவுக்குரிய சபைக்குத்தான் போக வேண்டும். போதகர் பேச்சு பிடிக்கவில்லை, அடுத்த சபைக்குப் போகிறேன் என்பதற்கு அங்கே இடமில்லை. (நம் ஊரில் இந்த விதி இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது.) சபையை நடத்துகிறவர் சம்பளம் வாங்கும் ஊழியரல்லர். பகலில் பல் வைத்தியராகவோ கடைக்காரராகவோ உழைத்து, மாலையில் சபைக் குடும்பங்களின் கவலைகளைச் சுமக்கிறவர். சில ஆண்டுகள் கழிந்தால் பொறுப்பு வேறொருவரிடம் போகும். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று இரண்டு வேளை உணவை விட்டு, அந்த உணவுக்கு ஆகக்கூடிய தொகையை ஏழைகளுக்கென்று கொடுக்கிறார்கள். நம் தாய்மார்களின் கைப்பிடி அரிசியும் இதுவும் உடன்பிறந்தவை. ஒரு வீட்டில் பிரசவமானால் ஒரு வாரத்துக்குச் சாப்பாடு முறைவைத்து வந்து சேரும். வீடு மாறுகிறீர்கள் என்றால் சாமான் ஏற்றி இறக்க அந்தத் தெரு ஆண்களே வந்து நிற்பார்கள். வாலிபர்கள் படிப்பையும் வேலையையும் நிறுத்தி வைத்து இரண்டு ஆண்டுகள் ஊழியத்துக்குப் போகிறார்கள். கள், சாராயம், புகையிலை கிடையாது. காப்பியும் தேநீரும்கூடக் கிடையாது.

இதைப் படிக்கும்போது உங்கள் மனம் ஏங்கும் என்பதை அறிவேன். என் மனமும் ஏங்கியது.

இனி, அதே தெருவில் இருக்கும் மற்ற வீட்டுக்குள் நுழைவோம். வேலை நிமித்தமாக அங்கே குடிவந்த ஒரு குடும்பம். அந்தச் சபையைச் சேராதது. வந்த அன்றே ரொட்டியும் பலகாரமும் குவியும். அன்பான விசாரிப்புகள் நடக்கும். சில மாதங்களில் இவர்கள் சபையில் சேரப்போவதில்லை என்பது தெரிந்துவிடும். அதன்பின் கதவு தட்டப்படுவது குறையும். எவரும் பகைக்கமாட்டார்கள், புன்னகை மாறாது. ஆனால் பந்து விளையாட்டு, நாடகம், பிறந்தநாள், வாலிபர் கூடுகை, வியாபாரத் தொடர்பு அனைத்தும் சபை வழியாகவே ஓடுகிற ஊரில், சபைக்கு வெளியே நிற்கிறவனுக்கு மிஞ்சுவது என்ன? உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்திலேயே சபையின் வேதபாடக் கட்டடம் நிற்கும். பள்ளி நேரத்திலேயே ஒரு பாடவேளைக்குப் பிள்ளைகள் எழுந்து அங்கே போவார்கள். எழுந்து போகாத பிள்ளை எது என்பதை வகுப்பறை முழுவதும் அறியும். அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் குறைகள் இவை.

பகைவர்கள் சொல்லும் அவதூறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர்களுடைய அப்போஸ்தலர்களில் ஒருவரான ரசல் பல்லார்டு என்பவர், 2001 அக்டோபரில் நடந்த அவர்களுடைய பொது மாநாட்டில் இதைக் குறித்தே தம் மக்களைக் கண்டித்துப் பேசினார். நம் சபையைச் சேராத வீட்டுப் பிள்ளையோடு விளையாடாதே என்று பெற்றோர் தடுப்பதாகத் தமக்கு வந்த செய்தியை அவர் அத்தனை பேர் முன்னும் எடுத்துச் சொன்னார். ‘சபையைச் சேராதவர்’ என்று அயலாரை அடையாளப்படுத்தும் சொல்லையே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். தன் வீட்டுக் குறையைத் தன் மேடையிலேயே சொன்ன அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். நம் மாநாட்டு மேடைகளில் அதை அதிகமாய்க் கேட்டதில்லை.

விளையாட்டுக்கு அழைக்கப்படாத பிள்ளை என்பது சிறிய துக்கம் என்று சொல்வீர்கள். பெரிய துக்கம் ஒன்றும் அந்த மண்ணில் உண்டு. 1857 செப்டம்பர் 11 அன்று, ஆர்கன்சாஸ் பகுதியிலிருந்து கலிபோர்னியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு குடியேறிகள் கூட்டம் யூட்டாவின் தென்பகுதியில், மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் கொல்லப்பட்டது. ஏறக்குறைய 120 பேர். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். கொன்றவர்களில் முன்னின்றவர்கள் அவ்வட்டாரத்து மார்மன் குடிப்படையினர். வெள்ளைக்கொடி காட்டி, பத்திரமாய் அழைத்துப் போகிறோம் என்று வாக்களித்து வெளியே வரவழைத்துக் கொன்றார்கள். நடந்ததைச் சொல்லத் தெரியாத சின்னஞ்சிறு குழந்தைகள் 17 பேர் மட்டும் விடப்பட்டார்கள். அமெரிக்க இராணுவம் தங்களை அழிக்க வருகிறது என்ற அச்சம் அப்போது அந்த ஊர்களைப் பிடித்திருந்தது. மிசௌரியில் பட்ட காயம் ஆறவில்லை. அந்நியன் ஒவ்வொருவனும் பழைய பகைவனாகவே தெரிந்தான். அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர், 1877இல். அவர்களுடைய சபைத் தலைமை அந்த இடத்திலேயே நின்று ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்க 2007 வரை, சரியாக 150 ஆண்டுகள், ஆயிற்று.

துரத்தப்பட்டவர்கள் இருபது ஆண்டுகளுக்குள் இதைச் செய்தார்கள். ஆகவேதான் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஒரே கட்டளை சலிக்கச் சலிக்கத் திரும்ப வருகிறது என்று நினைக்கிறேன். அந்நியனை ஒடுக்காதே, அந்நியனின் மனம் எப்படியிருக்கும் என்று எகிப்தில் இருந்த உனக்குத் தெரியுமே என்ற பொருளில் ஆண்டவர் எத்தனை முறை நினைவூட்டுகிறார்! கானானுக்குள் நுழைந்து, நிலமும் கிணறும் கையில் வந்தவுடன் மக்கள் முதலில் மறந்துபோவது எகிப்தைத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மார்மன்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. நம் பக்கத்துக் கதைகளும் உண்டு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எறையூர் என்னும் ஊர்; கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாய் வாழும் ஊர். ஒரே திருச்சபை, ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. ஆனால் தலித் கிறிஸ்தவர்கள் கோயிலில் அமரும் இடமும், அவர்களுடைய சடலம் போகும் பாதையும் வேறாக இருந்தன. இந்த வேற்றுமையை எதிர்த்துத் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, 2008 மார்ச் மாதத்தில் கலவரம் மூண்டு, காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்களும் கிறிஸ்தவர்கள், வீடிழந்தவர்களும் கிறிஸ்தவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறையில் மரித்தவர்களுக்கு நடுவே எழுப்பப்பட்ட மதிலை நினைத்துப் பாருங்கள். நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். நம்முடைய சீர்திருத்தச் சபைகள் இதில் கத்தோலிக்கரைச் சுட்டிக்காட்டவும் வழியில்லை. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சபையைவிட்டு வெளியே போகத் துணிந்த நம் முன்னோர் பலர். சாதியைவிட்டு வெளியே வரத் துணிந்தவர்கள் சிலரே.

மார்மன்களும் கறுப்பினத்தாருக்குத் தங்கள் குருத்துவப் பணியை 1978 ஜூன் மாதம் வரை மறுத்தே வந்தார்கள். அவர்களுக்கு நிறம், நமக்குச் சாதி.

இதனால் நான் கண்டது ஒன்று உண்டு. ஒரே விசுவாசத்தாரை ஓர் இடத்தில் கூட்டி வைத்தால் வேற்றுமை ஒழிந்து சமாதானம் வரும் என்பது நம் எதிர்பார்ப்பு. வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. வெளியே அந்நியர் இல்லாத ஊரில் உள்ளேயே ஓர் அந்நியரைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். முதலில் வேறு மதத்தான். அவன் போன பிறகு வேறு சபையான். அவனும் போன பிறகு வேறு தெருக்காரன்.

நம் மாவட்டத்திற்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேங்கைவயலிலிருந்து வந்த செய்தியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பட்டியலினக் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரில் மனித மலம் கலந்திருந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை முறை இருந்ததையும், அம்மக்களுக்குக் கோயில் அடைக்கப்பட்டிருந்ததையும் கண்டார்கள். ஓர் ஊரில் பலராய் இருப்பவர்கள் நடுவே சிலராய் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை நாடெங்கும் அறியச் செய்தது நம் மாவட்டம். அந்தச் செய்தியைக் கேட்டு நாமெல்லாம் பதறினோம், ஜெபித்தோம். பதறிய அதே நாம், ‘எங்களுக்கு மட்டும்’ என்று ஒரு வளைவு கட்டினால், பத்து ஆண்டுகள் கழித்து அதன் உள்ளே யாருக்கு எந்தக் குவளை வைக்கப்படும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இதே மாவட்டத்தில் வேறு விதமான இடங்களும் இருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஆவூர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருவான பூசே சுவாமிகள் ஊழியம் செய்த பழமையான கத்தோலிக்கத் தலம். அங்கே ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கின்றன. தேர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர் என்பது அந்த வட்டாரத்தார் அறிந்ததே. திருமயத்தைத் தாண்டினால் காட்டுபாவா பள்ளிவாசல். அங்கே இஸ்லாமியரோடு இந்துக்களும் வந்து நின்று வேண்டிக்கொள்வதை எத்தனையோ முறை பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். நம் வேத உபதேசத்தின்படி இவற்றில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பது வேறு கேள்வி. இவ்விடங்களில் வாசலில் நின்று, நீ யார் என்று எவரும் கேட்பதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்த மனையை வாங்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் மனம் கலங்க வேண்டாம். நீங்கள் பாவம் செய்துவிட்டதாக நான் சொல்லவில்லை. விற்பவரிடம் போய், அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் எடுப்பார். வியாபாரிக்கு விசுவாசத்தைவிட விற்பனை முக்கியம். நீங்கள் அங்கே வீடு கட்டினால் அஸ்திபார ஜெபத்திற்கும் வருவேன், பால் காய்ச்சும் நாளிலும் வருவேன். அந்தச் சொல் எழுதிய வளைவைத் திறந்து வைக்க மட்டும் என்னை அழைக்காதீர்கள்.

துரத்தப்பட்டவனுக்கு அடைக்கலம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். முதலூரின் நிலத்தை வாங்கியவர்கள் சரியாகவே செய்தார்கள்; நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்றைக்கு அவர்களுக்கு எரிந்துபோன கூரை இருந்தது. நமக்கு இருப்பது, சில வீட்டுக்காரர்களின் மறுப்பும், ஒலிபெருக்கிச் சத்தமும், பிள்ளைகள் கெட்டுப்போவார்களோ என்ற கவலையும். இவற்றை எரிந்த கூரையோடு ஒப்பிடுவது அந்தப் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தை இன்று இரவு குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். தங்களைச் சிறைபிடித்துப் போனவர்களின் நகரத்திலே வீடு கட்டவும், தோட்டம் போடவும், அந்த நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளவும் அவர் சொல்கிறார். தனிக் குடியிருப்பு ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

வாடகை வீடு மறுக்கப்பட்ட கதையை மேலே எழுதினேன். அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். நம் ஆலயத்தைச் சுற்றியுள்ள இரண்டு தெருக்களில் நாம்தான் பலர். சொந்த வீடுகளில் பாதிக்கு மேல் நம் சபையாருடையவை. அந்த வீடுகளின் கதவுகளில் ‘டு லெட்’ பலகைக்குக் கீழே ‘கிறிஸ்தவர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருப்பதை நான் நடந்து போகையில் பார்க்கிறேன். எழுதாதவர்களும் பெயரைக் கேட்ட பிறகே வாடகை சொல்கிறார்கள் என்பதும் என் காதுக்கு வருகிறது. மறுக்கப்பட்டதின் வலி தெரிந்தவர்கள் எப்படி இதைச் செய்கிறோம்? அந்தத் தெருவில் நம்மைச் சேராத வீடுகள் எத்தனை, அவற்றில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் என்ன என்று உங்களில் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? கிறிஸ்துமஸ் அன்று கேக் கொடுத்து அனுப்புகிறோம், நல்லது. அந்த வீட்டில் சாவு விழுந்தால் கைப்பிரதி எடுத்துக்கொண்டு போகாமல், வெறுங்கையோடு போய்ப் பாடை தூக்கத் தோள் கொடுக்கிறோமா?

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடுகிறது. மூன்று காரியங்களை முன்வைக்கப் போகிறேன். முன்கூட்டியே அறிவிப்பது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறேன். அதிகாலை ஜெபத்தின் ஒலிபெருக்கிக் குழாய்கள் தெருவை விட்டு ஆலயத்திற்குள்ளே திரும்ப வேண்டும். நம் சபைக்குச் சொந்தமான வாடகை வீடுகளில் காலியாகும் எதுவும் மதமோ சாதியோ கேட்காமல் முதலில் வருகிறவருக்குத் தரப்பட வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கென்று வரிசை பிடித்து வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். இறந்த வரிசையிலேயே அடக்கம். மூன்றாவதில்தான் சத்தம் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் தயவுசெய்து கூட்டத்திற்கு வந்து சொல்லுங்கள், தேநீர் உண்டு.